நீரிறைக்கும் இயந்திரத்தின் பொறிச்செருகியும் எரிபற்றற் சுருளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. கிணற்று நீரே பயிருக்கு உயிராகும். துலா மிதித்து நீரிறைத்த வழக்கம் 1950ஆம் ஆண்டுகள் முதலாக மெல்ல மறைய, மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்கள் அவ்விடத்தைப் பெற்றன. மின்னிணைப்பு எட்டாத தோட்டங்களில் இன்றும் அவை பயன்படுகின்றன. வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. ஆகவே குமிழ் பருக்குங் காலத்தில் இறைப்புத் தவறினால் விளைச்சல் குன்றும்.

அத்தகைய நாளொன்றில் இயந்திரம் இயங்க மறுத்தால், கமக்காரர் பலர் புதிய ‘பிளக்’ ஒன்றை வாங்கிப் பூட்டுவர். இயந்திரம் ஓடும், சில நாட்களில் மீண்டும் நிற்கும். அப்பொழுது பிளக்கைக் குறைகூறி மற்றொன்றை வாங்குவர். உண்மையில் பழுதடைந்த பிளக் பெரும்பாலும் நோயன்று, நோயின் அடையாளமே. அதனை எறிவதற்கு முன் உற்றுப் பார்த்தல் வேண்டும்.

பொறி உண்டாகும் விதம்

இயந்திரத்தின் பறப்புச் சில்லில் காந்தம் பதிக்கப்பட்டுள்ளது. அது சுழன்று எரிபற்றற் சுருளைக் கடக்கும்போது, சுருளின் முதற்சுற்றில் மின்னோட்டம் உண்டாகின்றது. அவ்வோட்டம் சடுதியாகத் துண்டிக்கப்படுகையில், பல்லாயிரம் புரிகளையுடைய துணைச்சுற்றில் மிக உயர்ந்த மின்னழுத்தம் எழுகின்றது. அது பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வெளியைத் தாண்டிப் பொறியாகின்றது. பழைய இயந்திரங்களில் இத்துண்டிப்பைப் ‘பொயின்ற்’ செய்யும். புதியனவற்றில் இலத்திரன் சாதனம் செய்யும்.

பிளக்கின் நிறம் கூறும் செய்தி

ஓடி நின்ற இயந்திரம் நன்றாக ஆறியபின், பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு அதனைக் கழற்றுக.

1. முனை இளங்கபில நிறமாக அல்லது சாம்பல் நிறமாக இருப்பின், எரிதல் செவ்வனே நடைபெறுகின்றது.

2. உலர்ந்த கரி படிந்திருப்பின், காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அல்லது இயந்திரம் சூடேறுமுன் பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்டிருக்கலாம். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் முற்றாக ஆவியாவதில்லை. எரியாத பகுதி கரியாகப் படிவதோடு, கீழிறங்கி எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும்.

3. எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருப்பின், ஆடுதண்டின் வளையங்கள் தேய்ந்திருக்கக் கூடும். நெடுங்காலம் உழைத்த இயந்திரங்களில் இது பெரிதும் காணப்படும்.

4. வெண்மையாகி முனை தேய்ந்திருப்பின், இயந்திரம் மிகையாகச் சூடேறுகின்றது. குளிர்ச்சித் தகடுகளிடையே வைக்கோலும் தூசியும் அடைந்துள்ளனவா எனப் பார்க்க. பொருந்தாத வெப்ப இலக்கமுடைய பிளக்கும் இதற்குக் காரணமாகலாம்.

5. எரிபொருளால் நனைந்திருப்பின், பொறி உண்டாகவில்லை. அல்லது எரிபொருள் மிகையாக உட்சென்றுள்ளது.

காரணத்தை நீக்காது புதிய பிளக்கைப் பூட்டினால், அதுவும் பழையதன் கதியையே அடையும்.

மாற்றும் முறை

காவலி வெடித்தாலோ, முனை தேய்ந்து உருண்டாலோ பிளக்கை மாற்றுதல் வேண்டும். சிறிய நாலடிப்பு இயந்திரங்கள் பலவற்றில் முனைகளின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரையாகும். எனினும் உமது இயந்திரத்தின் கைந்நூல் கூறும் அளவே முடிவானது. இடைவெளியைத் திருத்தும்போது பக்கமுனையை மட்டும் மெதுவாக வளைக்க, நடுமுனையைத் தொடலாகாது.

பிளக்கை முதலிற் கையினாலேயே திருகுக. சாவியைக் கொண்டு தொடங்கினால் உருளைத் தலையின் புரி கெடும். அதனைத் திருத்தும் செலவு பல பிளக்குகளின் விலையிலும் அதிகமாகும். கையால் இறுகியபின், புதிய பிளக்கைச் சாவியால் அரைச் சுற்றும், பழைய பிளக்கைக் காற் சுற்றுக்கு மேற்படாமலும் இறுக்குக.

சுருளைப் பரிசோதித்தல்

சுருள் விலை மிகுந்தது. ஆகையால் அதனை இறுதியாகவே ஐயுறுதல் வேண்டும். எரிபொருட் குழாயை மூடி, சிந்திய எரிபொருளைத் துடைத்துவிடுக. நல்ல பிளக் ஒன்றை மூடியிற் செருகி, அதன் உடலை, பிளக் துளைக்குத் தொலைவான ஓரிடத்தில், இயந்திரத்தின் உலோகத்தோடு அழுத்துக. இறப்பர்ப் பிடியுள்ள குறட்டினாற் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்கச் செய்க. துளையினின்று வெளிவரும் ஆவி தீப்பற்றக் கூடியது என்பதை மறத்தலாகாது.

நீலப் பொறி பளிச்சென்று தோன்றினால் சுருள் பெரும்பாலும் நலமாயுள்ளது. பொறி இல்லையேல் பின்வருமாறு தேடுக:

முதலாவது, எஞ்சின் எண்ணெயின் அளவைப் பார்க்க. எண்ணெய் குறைந்தாற் பொறியைத் தானே தடுக்கும் ஆளி சில இயந்திரங்களில் உண்டு.

இரண்டாவது, நிறுத்தும் ஆளிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிப் பார்க்க. பொறி வந்தாற் குற்றம் ஆளியிலோ கம்பியிலோ உள்ளது.

மூன்றாவது, பிளக் மூடியையும் தடித்த கம்பியையும் நோக்குக. வெடிப்பு, ஈரம், எலி கடித்த தழும்பு ஆகியவற்றால் மின் வழியிலேயே கசியும்.

நான்காவது, சுருளுக்கும் பறப்புச் சில்லுக்கும் இடையிலுள்ள வெளியை அளக்க. துருவும் அழுக்கும் இருப்பின் அகற்றுக.

இவையாவும் சரியாயிருந்தும் பொறி இல்லையேல், ஓம்மானியால் துணைச்சுற்றை அளக்க. அதன் தடை பொதுவாகப் பல ஆயிரம் ஓமாகும். முடிவிலியைக் காட்டின் உட்கம்பி அறுந்துள்ளது.

குளிர்ந்தபோது எளிதாக இயங்கி, சூடேறியபின் நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கும் இயந்திரத்தின் சுருளைச் சூடாயிருக்கும்போதே பரிசோதித்தல் வேண்டும். வெப்பத்தில் மட்டுமே தளரும் காவலி, குளிர்ந்த சோதனையில் அகப்படாது.

கிணற்றினுள் ஆபத்து

நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழே இறங்கினால், மேலிருந்து உறிஞ்சுதல் அரிதாகும். அப்பொழுது சிலர் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டுவர். நின்றபோது அங்கேயே பிளக்கைப் பார்க்கவும் இறங்குவர். இது உயிருக்கு ஆபத்தானது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மயங்கியவரை மீட்க இறங்கியவரையும் அது கொல்லும். இயந்திரம் எக்காலத்தும் வெளியிலேயே இருத்தல் வேண்டும்.

கமக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதைக் கமக்காரர் மறந்திரார். பொறி வலுவிழந்த இயந்திரம் அவ்வெண்ணெயைப் பயனின்றிப் புகையாக்கும். ஆகவே பெற்றோலில் இயந்திரத்தை நன்கு சூடாக்கியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓட்டுக. நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையேனும் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. நல்ல பிளக் ஒன்றைச் சாவியுடன் எப்பொழுதும் கைவசம் வைத்திருப்பவர், இறைப்பு நாளிற் கடை தேடி அலைய வேண்டியதில்லை.