ரப்பர் மரத்துக்கு விபூதி!

திருச்சி புத்தூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் மாட்டுகிற ரப்பர் கையுறை, நாலு ரோட்டில் திரும்புகிற பஸ்ஸின் டயர்... இதற்கெல்லாம் பால் கொடுக்கிற மரத்தை நம்ம ஊரில் தேடினால் கிடைக்காது. இங்கே வாழையும் தென்னையும்தான். ரப்பர் பார்க்கணுமா? கன்னியாகுமரி மாவட்டத்துக்கு பஸ் ஏறுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை என்று மலையடிவாரம் முழுக்க அதே தோட்டம்தான். 1984-ல் அரசு ரப்பர் கழகத்தை ஆரம்பித்ததும் அங்கேதான், நாகர்கோவிலில்.

மார்கழி, தையில் இந்த மரங்கள் மொட்டையாகிவிடும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். பார்க்கக் கண் கொள்ளாது! அந்த நேரம் பார்த்து ராத்திரி பனியும் காலை மூடுபனியும் சேர்ந்தால், தளிர் மேல் விபூதி பூசினாற்போல் வெள்ளைப் பொடி படியும். சாம்பல் நோய். 'ஓயிடியம்' என்கிற பூஞ்சையின் வேலை. 1918-ல் ஜாவாவில் முதலில் பிடிபட்டது, 1925-ல் இலங்கைக்கு வந்துவிட்டது.

முற்றிய பச்சை இலையிடம் இதன் ஜம்பம் சாயாது. தளிரைத்தான் தாக்கும். இலை சுருங்கி உதிர்ந்து, காம்பு மட்டும் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நிற்கும். மரம் சேமித்து வைத்த மாவுச்சத்தை எடுத்து மறுபடி தளிர் விட வேண்டும். பி.காம். பாஷையில் சொன்னால், வருமானம் வருமுன்னே முதலில் கை வைக்கிற கதை! பால் குறையும். வெட்டு தள்ளிப் போகும். வெட்டினால்தான் கூலி என்றிருக்கிற பால்வெட்டுத் தொழிலாளி வீட்டு அடுப்பும் அதோடு சேர்ந்து தள்ளிப் போகும்.

தேனீக்காரருக்கும் இதில் அடி உண்டு. மார்த்தாண்டம் தேன் என்று ஆசையாய் நக்குகிறோமே, அதில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை சார்! ரப்பர் தளிரின் காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகள் கூடுகிற இடத்தில் சுரக்கிற இனிப்பு அது. தளிர் விழுந்தால் தேனும் போச்சு.

மருந்து பழைய மருந்துதான்: கந்தகப் பொடி. ஹெக்டேருக்கு ஒரு தடவைக்கு 11 முதல் 14 கிலோ. ஒரு வாரம், இரண்டு வாரம் இடைவெளி விட்டு மூன்றிலிருந்து ஆறு தடவை. ஐம்பது அறுபதடி உயர மரத்துக்குக் கையால் தூவ முடியுமா? விசைத் தூவி வேண்டும், அதைச் சுமக்க ஆள் வேண்டும்.

ரப்பர் விலை இறங்கிய வருஷத்தில் சின்னத் தோட்டக்காரர் முதலில் வெட்டுகிற செலவு இதுதான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பூஞ்சை வித்து காற்றில் பறக்கிற சமாசாரம். வேலி பார்த்து நிற்காது. நாலு பேர் சேர்ந்து ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்து, ஒரே வாரத்தில் நாலு தோட்டத்துக்கும் அடித்துவிட்டால் செலவும் பிரியும், மருந்தும் பலிக்கும்.

அதையும் விடியற்காலையில் அடிக்கணும். இலையில் பனி ஈரம் இருந்தால்தான் பொடி ஒட்டும். வெயில் ஏறி காற்று கிளம்பிவிட்டால், மெஷினை இறக்கி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போக வேண்டியதுதான்.