6 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. ஓட்டை

ஃபைபர் படகில் துளை போட்டுவிட்டுச் சிலிக்கான் வைத்து அடைத்தால் போதாதா என்று காரைக்கால் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குளியலறைக்குப் போதும். பாய்மரப் படகுக்குப் போதாது.

ஃபைபர் ஊறாது, மக்காது என்பது சரிதான். ஆனால் பல பாய்மரப் படகுகளின் மேல்தளம் முழுக்க ஃபைபர் அல்ல. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர். நடுவே பால்சா மரம். பெரும்பாலும் ஈக்வடாரில் விளைவது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. கரும்பைத் துண்டு போட்டு நிமிர்த்தி அடுக்கியதுபோல, நார் மேல்நோக்கி நிற்க வைத்து ஒட்டுவார்கள். கனம் ஏறாமல் தளம் விறைப்பாக நிற்கும். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2012-13இல் எங்கும் கரை தொடாமல் தனியாக உலகைச் சுற்றிவந்த ‘மாதேயி’ படகின் உடலிலும் ஃபைபருக்கு நடுவே மரம்தான், அது செடார்.

மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பிக்கோ கயிறு இழுக்கும் வின்ச்சுக்கோ போட்ட துளை வழியே தண்ணீர் இறங்கினால், நடுவிலுள்ள மரம் உள்ளுக்குள்ளேயே அழுகும். கீழ் அறையில் ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே மேல்தளம் காலுக்கடியில் அமுங்கத் தொடங்கியிருக்கும்.

இதற்குப் படகுக்காரர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. 6 மி.மீ. போல்ட் போட வேண்டுமானால் முதலில் 12 மி.மீ. துளை போடுகிறார்கள். கீழ்த்தகட்டைத் துளைக்காமல் நிறுத்திவிடுவார்கள். ஓர் ஆணியை வளைத்து டிரில்லில் மாட்டிச் சுழற்றினால், துளையைச் சுற்றியுள்ள மரம் மட்டும் தூளாகிவிடும். அந்தக் குழிக்குள் முதலில் தூள் கலக்காத எப்பாக்ஸி; மரம் குடிக்கிற வரை குடிக்கட்டும். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியை நிரப்பி இறுக விட்டு, அதன் நடுவில்தான் 6 மி.மீ. துளை. இனி மேலே ஒழுகினாலும் தண்ணீர் மரத்தைத் தொட முடியாது. நட்டை நன்றாக முடுக்கினாலும் தளம் நசுங்காது.

அடைப்பது அதற்குப் பிறகுதான். துளையின் வாயைக் கவுன்டர்சிங்க் பிட்டால் சற்றே அகலமாக்கி, போல்ட் தலைக்கடியில் பியூட்டைல் டேப்பைச் சுற்ற வேண்டும். இழுத்தால் நூலாக நீளும், பல ஆண்டுகளானாலும் இறுகிப்போகாத பிசின் அது. போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகுங்கள். போல்ட் சுழன்றால் பிசின் அறுந்துவிடும். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் பியூட்டைல் வேண்டாம். அங்கே கடலுக்கென்றே வரும் பாலியூரித்தேன் பசை போன்றவைதான் சரி. எவர்சில்வர் போல்ட்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். காற்றுப் புகாத ஈரத்தில் எவர்சில்வரும் அரிக்கும்.

நம் கரையின் ஃபைபர் படகுகளிலும் பின்பக்க அமரத்தில், எஞ்சின் மாட்டும் இடத்தில், உள்ளே பிளைவுட் வைத்திருந்தால் இதே விதிதான். புதுப் படகுக்கு லட்சங்கள் செலவழிப்பவர்கள் துளை விஷயத்தில் மட்டும் கையில் கிடைத்த டியூபைப் பிதுக்குகிறார்கள். சிலிக்கான் தடவிய இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் சரியாக ஒட்டாது. காரைக்கால் நண்பரே, தயவுசெய்து அந்த டியூபைக் குளியலறையிலேயே வையுங்கள்.