கோட்டுக்கு அந்தப் பக்கம்

"டெட்லைன் சாயங்காலம் அஞ்சு மணி." பத்திரிகை அலுவலகத்தில் இந்தப் பேச்சு காதில் விழாத நாளே இல்லை. அஞ்சு ஆறாகும். பக்கம் வடிவமைப்பவரிடம் போய், "இன்னும் அரை மணி நேரம் குடுங்கண்ணா" என்று நின்றால் பெரும்பாலும் கிடைத்துவிடும். வருமான வரிக்குக் கடைசி நாள் நெருங்கினால், தேதியை நீட்டிப்பார்களா என்று ஊரே செய்தி பார்க்கிறது. தமிழில் இதைக் கெடு என்கிறோம். கெடு வைப்பதும் உண்டு, கெடு நீட்டிப்பதும் உண்டு.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கைதி முகாம்களில் டெட்லைன் என்ற சொல் புழங்கத் தொடங்கியபோது நீட்டிப்பு என்ற பேச்சே கிடையாது. 1864 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில், பிடிபட்ட வடக்குப் படையினருக்காகத் தெற்கு மாநிலங்கள் ஒரு முகாம் திறந்தன. சுற்றிலும் பைன் மரத் தடிகளை நெருக்கமாக நட்டு, 15 அடிக்குக் குறையாத மதில். மதிலுக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி இன்னொரு தடுப்பு. குட்டைக் கம்பங்கள், அவற்றின் மேல் ஆணியடித்த மெல்லிய மரச்சட்டம், அவ்வளவுதான். குனிந்தால் அடியில் நுழைந்துவிடலாம். ஆனால் அதைத் தாண்டுகிறவனை மதில்மேல் பரணில் நிற்கும் காவலாளி சுட்டுவிடலாம். டெட்லைன் என்றது அந்தச் சட்டத்தைத்தான். சாவுக்கோடு.

முகாமுக்குள் ஓடியது ஒரே ஓடை. மேலே காவலர் குடியிருப்பின் கழிவும் சமையற்கூடத்துப் பிசுக்கும் கலந்துதான் அது உள்ளே வரும். கொஞ்சமாவது தெளிந்த தண்ணீர், ஓடை உள்ளே நுழையும் இடத்தில், அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் கிடைக்கும். தாகத்தில் அங்கே கையை நீட்டியவர்கள் சுடப்பட்டதைப் பிழைத்துவந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கை என் மனதை விட்டுப் போகவில்லை.

14 மாதங்களில் அங்கே அடைபட்டவர்கள் சுமார் 45,000 பேர். ஏறக்குறைய 13,000 பேர் திரும்பவில்லை. குண்டைவிட வயிற்றுப்போக்கும் ஸ்கர்வியும் பசியுமே அதிகம் பேரைக் கொன்றன. முகாமின் அதிகாரி ஹென்றி வர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டுகளில் இந்தக் கோடும் இருந்தது.

பிறகு அச்சகக்காரர்களிடமும் இதே பெயரில் ஒரு கோடு வந்தது. அச்சு இயந்திரத்தில் அதைத் தாண்டி வைத்த எழுத்து தாளில் விழாது. 1920 வாக்கில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் அது நேரத்தின் எல்லையைக் குறிக்கும் பேச்சாகிவிட்டது. மை பட்ட கைகளில் புழங்கித்தான் இந்தச் சொல்லின் ரத்த வாடை போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆண்டர்சன்வில் இன்று அமெரிக்க அரசு காக்கும் நினைவிடம். மதில் நின்ற இடத்திலும் கோடு ஓடிய இடத்திலும் வெள்ளைக் கம்பங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். நடுவே புல்வெளி. பார்க்க வருகிறவர்கள் அதில் அங்குமிங்கும் நடக்கிறார்கள்.