முதல் வகை நீரிழிவும் குழந்தையின் விளையாட்டுப் பருவமும்

நோயின் இயல்பு

முதல் வகை நீரிழிவு என்பது, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுவதால் தோன்றும் நோயாகும். உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை தசை முதலிய உறுப்புகளின் செல்களுக்குள் புகுவதற்கு இன்சுலின் என்னும் இயக்குநீர் தேவைப்படுவதால், அது சுரக்காத குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் அதனை ஊசி வழியாகவோ, பம்ப் எனப்படும் சிறு கருவி வழியாகவோ செலுத்த வேண்டியுள்ளது. மிட்டாய் அதிகம் தின்றதால்தான் இந்நோய் வந்தது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதும், அதைக் கேட்டுப் பெற்ற தாய் தன்னையே நொந்துகொள்வதும் அடிப்படையற்றவை. கனடாவின் டொரான்டோ நகரில் 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை உயிர்க்கொல்லியாக இருந்த இந்நோய், இன்று ஓடியாடி, படித்து, வளர்ந்து ஆளாவதற்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை.

கண்டறிய உதவும் அறிகுறிகள்

தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாக உண்டும் உடல் மெலிதல் ஆகியவற்றோடு, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கத்தை விட்டிருந்த குழந்தை மீண்டும் அவ்வாறு செய்யத் தொடங்குவதும் இந்நோயின் அறிகுறியாக இருக்கலாம். இன்சுலின் இன்மையால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கினால் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாடை ஆகியவை தோன்றும். இந்நிலை உயிருக்கே ஆபத்தானது என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டர் என்னும் கருவியில் சர்க்கரையின் அளவை நாளொன்றுக்குப் பலமுறை பார்ப்பது இக்குழந்தையின் வாழ்வில் பல் துலக்குவதைப் போன்ற இயல்பான செயலாகிவிட வேண்டும். விரலின் நடுப்பகுதியைவிடப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. மாம்பழம் தின்ற கையைக் கழுவாமல் சோதித்தால், தோலில் ஒட்டியிருக்கும் சாறே கருவியில் பொய்யான உயர்ந்த அளவைக் காட்டிவிடும். இன்சுலினை ஒரே இடத்தில் தொடர்ந்து செலுத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்து, மருந்து சீராக உறிஞ்சப்படாது என்பதால், வயிறு, தொடை, மேற்கை, பிட்டம் என்று மாற்றி மாற்றிச் செலுத்த வேண்டும். இன்று எந்த விரல், எந்தத் தொடை என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்கே அளித்தால் ஊசியின் மீதான அச்சம் குறையும்.

ஓட்டமும் ஆட்டமும்

ஓடிப்பிடித்து விளையாடும்போதும் மரமேறும்போதும் தசைகள் குளுக்கோஸை வேகமாகப் பயன்படுத்துவதோடு, ஓய்ந்த பின்னரும் தம் இருப்பை நிரப்பிக்கொள்ள அதனை எடுத்துக்கொண்டே இருப்பதால், மாலையில் ஆடிய ஆட்டத்தின் விளைவாக நள்ளிரவில்கூடச் சர்க்கரை குறையக்கூடும். ஆகவே விளையாட்டுக்கு முன் சர்க்கரையைச் சோதிப்பதும், அது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஒரு வாழைப்பழமோ சில பிஸ்கட்டுகளோ கொடுத்து அனுப்புவதும், அதிகமாக விளையாடிய நாளில் படுக்கும் முன் மீண்டும் சோதிப்பதும் தேவை. இவ்வளவு செய்தால் போதும். விளையாட்டை விலக்கி வைப்பதற்கு இந்நோய் காரணமாகாது.

சர்க்கரை குறையும்போது

இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவதைத் தாழ்சர்க்கரை நிலை என்பர். வியர்த்தல், நடுக்கம், முகம் வெளிறுதல், கடும் பசி ஆகியவை இதன் அடையாளங்கள் என்றாலும், தன் நிலையைச் சொல்லத் தெரியாத சிறு குழந்தையிடம் அது காரணமில்லாத அழுகையாகவோ, பிடிவாதமாகவோ, விளையாட்டின் நடுவே திடீரென ஓரமாய் உட்கார்ந்துவிடுவதாகவோ வெளிப்படலாம். எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 0.3 கிராம் என்ற கணக்கில், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேலாகக் குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். சாக்லேட்டிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் அவசரத்திற்கு அது உதவாது. நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவர் முன்பே தந்திருந்தால் சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் என்னும் மருந்தைச் செலுத்தி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பள்ளியும் பண்டிகையும்

வகுப்பிலேயே சர்க்கரையைச் சோதிக்கவும், தேவையான நேரத்தில் தின்பண்டம் உண்ணவும், தண்ணீர் குடிக்கவும், கழிவறைக்குச் செல்லவும் தடையிருக்கக் கூடாது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017இல், முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் தேர்வுக்கூடத்திற்குச் சர்க்கரை மாத்திரையும் பழமும் எடுத்துச் செல்ல அனுமதித்தது இங்கு நினைக்கத்தக்கது. தீபாவளிப் பலகாரமும் பிறந்தநாள் கேக்கும் அறவே விலக்கப்பட்டவை அல்ல. மருத்துவர் கற்றுத்தரும் முறைப்படி, அவற்றிலுள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் அளவைச் சரிசெய்தால், மற்றக் குழந்தைகளோடு அமர்ந்து இக்குழந்தையும் அளவாக உண்ணலாம். சுற்றுலாவின்போது இன்சுலினை வெயில்படும் வண்டிக்குள் விடாமலும், உறைந்துவிடும்படி பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டாமலும் குளிர்ச்சியான பையில் வைத்துச் செல்ல வேண்டும்.

பெரியவர்களின் கடமை

காய்ச்சல் வந்து குழந்தை சரியாக உண்ணாத நாளிலும், வேறு மருத்துவத்தால் நோய் முற்றிலும் நீங்கும் என்று எவரேனும் உறுதி கூறினாலும், இன்சுலினை ஒருபோதும் அறவே நிறுத்தக் கூடாது. இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் முதன்மையானவரான ஃபிரெடரிக் பேன்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் நாளே உலக நீரிழிவு நாளாகவும், இந்தியாவில் குழந்தைகள் நாளாகவும் அமைந்துள்ளது. அந்நாளையொட்டியேனும் ஒவ்வொரு பள்ளியும் தன் ஆசிரியர்களில் இருவருக்காவது தாழ்சர்க்கரை முதலுதவியைக் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டும்.