மண்மேட்டில் தாவும் சைக்கிளுக்கு எந்த ஃபோர்க்?

சைக்கிளின் முன் சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவட்டைக்கு ஃபோர்க் என்று பெயர். சாதாரண சைக்கிளில் அது வெறும் குழாய்தான். மண்மேட்டில் ஏறிக் காற்றில் தாவும் 'டர்ட் ஜம்ப்' சைக்கிளிலோ அதிர்ச்சி தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் இருக்கும். படிக்கட்டிலும் சுவரிலும் வித்தை காட்டும் 'ஸ்ட்ரீட்' சைக்கிள்கள் பலவற்றிலும் இதைக் காணலாம். தாவி இறங்கும்போது ஃபோர்க் முறிந்தால், ஓட்டுபவரின் முகம் தரையில் மோதும். எனவே இதைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

முதலில் ஒரு சிறு கணக்கு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சைக்கிள், டயர் மட்டும் 2 செ.மீ. அமுங்கி நிற்பதாகக் கொள்வோம். மொத்தம் இறங்கிய தூரம் 102 செ.மீ. அதை 2-ஆல் வகுத்தால் 51. அதாவது, சராசரி விசை எடையைப்போல் 51 மடங்கு! ஃபோர்க் 10 செ.மீ. அமுங்கினால்? 110-ஐ 10-ஆல் வகுக்க, 11 மடங்குதான். கைகால்களை மடக்கி, சரிவில் இறங்கினால் இன்னும் குறையும்.

அப்படியானால் 20 செ.மீ. அமுங்கும் ஃபோர்க் இன்னும் நல்லதல்லவா? இல்லை. தாவுவதற்காக அழுத்தும் விசையை அதுவே விழுங்கிவிடும். நீளம் கூடுவதால், நெம்புகோல் தத்துவப்படி தலைக்குழாயின் அடியில் வளைவிசையும் கூடும். ஆகவே 8 முதல் 10 செ.மீ. போதும்.

அடுத்து, குழாயின் பருமன். சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தால், 32 மி.மீ. குழாயைவிட 35 மி.மீ. குழாய் ஏறத்தாழ 30 சதவீதம் விறைப்பானது. மேலே ஒடுங்கி அடியில் பருத்த தலைக்குழாயும், 20 மி.மீ. அச்சும் வலுச் சேர்க்கும். ஆனால் தலைக்குழாய் சைக்கிள் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

குழாய் உருக்கா, அலுமினியமா? ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதல்லவா? இதுவே உலோகச் சோர்வு. ஓர் அளவுக்குக் கீழான விசையை உருக்கு எத்தனை முறையும் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. ஆனால் எடை குறைவு.

உள்ளே சுருள்வில்லா, காற்றா? சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். போகப்போகக் கடினமாகும். காற்று ஃபோர்க்கும் இப்படித்தான். எடைக்கேற்ப அழுத்தத்தை மாற்றலாம். ஆனால் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் கசியும். சுருள்வில் கனமானது, தொல்லை குறைவு. 2000-ஆம் ஆண்டை ஒட்டி இத்தாலியின் மார்சோக்கி நிறுவனம் தயாரித்த 'டர்ட் ஜம்பர்' ஃபோர்க்குகள் சுருள்வில்லும் எண்ணெயும் கொண்டு, உறுதிக்குப் பெயர் பெற்றன. சிறு துளை வழியே பாயும் எண்ணெய், அதிர்வு ஆற்றலை வெப்பமாக்கி, சைக்கிள் துள்ளாமல் காக்கிறது.

எந்த ஃபோர்க்கும் நிரந்தரமல்ல. குழாயைத் துடைத்துக் கீறல் பாருங்கள். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள். விரிசல் தெரிந்தால் அதில் ஏறவே கூடாது. ஹெல்மெட் இல்லாமலும்தான்!