கப்பல் ஏறுமுன்



1930ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், நம் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து 'பில்ஸ்னா' என்னும் கப்பல் வெனிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டது. அதில் பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, அரசாங்க உதவித் தொகை பெற்று, கேம்பிரிட்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தார். மழைக்காலக் கடல், ஏடன் வரையில் ஒரே கொந்தளிப்பு. அலை அடங்கியதும் அவர் தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த விண்மீன், வெண்குறு விண்மீனாக ஒடுங்கி நிலைத்து நிற்க வேண்டுமானால் அதன் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று விடை வந்தது. அவ்வரம்பு சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று பாடநூல்களில் படிக்கிறோம். அந்த இளைஞரே 1983இல் நோபல் பரிசு பெற்ற சு. சந்திரசேகர்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "மேதை! கப்பலிலேயே தோன்றிவிட்டது" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அங்கேதான் பிழை செய்கிறோம். கப்பலில் கிடைத்தது விடை. கேள்வி சென்னையிலேயே பிறந்துவிட்டது.

1928இல் ஜெர்மானியப் பேரறிஞர் சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர், விடுதிக்கே போய் அவரைப் பார்த்தார். "நீ படித்த பௌதிகம் பழையதாகிவிட்டது" என்ற பொருளில் அவர் சொன்னதைக் கேட்டு மாணவர் திகைத்தார். ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. சாமர்பெல்டு தம் புதிய கட்டுரையின் அச்சுப் படியைக் கொடுத்தனுப்பினார். அதைப் படித்துத் தாமே ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த பௌலருக்கு அனுப்பினார் சந்திரசேகர். 1929இல் அது இராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. கப்பலில் அவர் திருத்தி வளர்த்ததும், வெண்குறு விண்மீன்களைப் பற்றி அதே பௌலர் 1926இல் எழுதிய ஆராய்ச்சியைத்தான். லண்டனில் இறங்கியபோது அவருடைய இட ஏற்பாட்டில் குழப்பம் நேர்ந்திருந்தது. பௌலர் தலையிட்டதால் சரியாயிற்று. முன்பின் தெரியாத மாணவனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி என் கதை. சென்ற ஆண்டு நான் ஒரு முகவரிடம் பணம் கட்டி, நான்கு பல்கலைக் கழகங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். நோக்க உரையை அவரே எழுதிக் கொடுத்தார். "இரசாயனத்தைச் சிறு வயது முதலே நேசித்து வந்தேன்" என்று தொடங்கியது. மாதுங்காவில் இருக்கும் என் நண்பனுடைய உரையும் அதே வாக்கியத்தில்தான் தொடங்கியது என்பது பிறகு தெரிந்தது! எனக்கு ஓராண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தது. உதவித் தொகை இல்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு இருக்கும் சிறு காட்டை அடமானம் வைப்பது என்று பேச்சு நடந்தது. அப்பா தலையாட்டிவிட்டார். அம்மாதான், "ஏல, காட்ட அடமானம் வச்சிப் போனா, அங்கன நீ படிப்பியா, வட்டிக்குக் கணக்குப் போடுவியா?" என்று கேட்டாள். நான் போகவில்லை. இரண்டு வாரம் அம்மாவோடு சரியாகப் பேசவும் இல்லை; அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றி விசாரிக்காமல் இருந்தது என் அறியாமை. அமெரிக்காவில் விஞ்ஞான டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தால், பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, மாதப்படியும் உண்டு. முதுநிலைப் படிப்புக்கோ நாமே கட்ட வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் செலவுக்குரிய பணத்தை வங்கியில் முன்கூட்டியே காட்டினால்தான் விசா. ஆதிதிராவிட மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித் தொகை இருக்கிறது. நம் மும்பையிலேயே ஜே. என். டாடா அறநிலை 1892 முதல் கடனாக உதவித் தொகை கொடுத்து வருகிறது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன், இந்நகரில் பத்திரிகைத் தொழில் பார்த்துவிட்டு, 1940களில் லண்டன் சென்றது டாடா உதவித் தொகையில்தான். தாராவியில் எத்தனை பேருக்கு இவை தெரியும்?

உடம்பையும் மறக்கக்கூடாது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்துச் சாப்பிட்டார். போர் வந்தது, மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, 1917இல் நோயில் விழுந்தார். 1919 மார்ச்சில் இதே பம்பாயில் வந்து இறங்கியவர், அடுத்த ஆண்டு மறைந்தார். கிங்ஸ் சர்க்கிள் கடைகளில் சாம்பார்ப்பொடி வாங்கிப் பெட்டியை நிரப்பினால் போதாது. அடுப்படியிலும் சில மாதம் பயிற்சி வேண்டும். என் இரசம் இப்போதுதான் குடிக்கும்படி இருக்கிறது.

போன பிறகு என்ன செய்வது? சந்திரசேகர் ஓரிடத்திலேயே ஒடுங்கிக் கிடக்கவில்லை. டிராக்கின் ஒரே சொற்பொழிவு வரிசையை நான்கு முறை கேட்டார். 1931 கோடையில் கோட்டிங்கனுக்குப் போனார். பிறகு டிராக்கின் யோசனைப்படி கோபன்ஹேகனுக்கும் சென்றார். எல்லாம் இன்பமாக இருக்கவில்லை. நோயுற்றிருந்த தாயார், மகன் போயே ஆக வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பியவர், 1931இல் காலமானார். மகன் அருகில் இல்லை. 1935 ஜனவரியில், அவர் பெரிதும் மதித்த எடிங்டனே சபையில் அவர் முடிவை எள்ளி நகையாடினார். தனியே ஆதரித்த அறிஞர்கள் வெளியே வாய் திறக்கவில்லை. அவர் சண்டையை வளர்க்காமல், எல்லாவற்றையும் ஒரு நூலாக எழுதி 1939இல் வெளியிட்டுவிட்டு, வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

இவ்வாண்டு நான் முகவரிடம் போகவில்லை. அப்பா தாராவியில் தோல் வெட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலில், சூட்டாலும் வெளிச்சத்தாலும் அந்தக் குரோமியத்தில் ஒரு பகுதி நச்சு வடிவமாக மாறக்கூடும். ஐரோப்பாவில் 2015 முதல், ஒரு கிலோ தோலில் அந்நச்சு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் விற்க முடியாது. நம் பட்டறைகளில் எந்தப் பருவத்தில் அந்த மாற்றம் மிகுகிறது? இதுதான் என் கேள்வி. கல்லூரியில் செய்த சிறு சோதனையின் முடிவுகளோடு ஜெர்மனியில் ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதினெட்டு நாள் கழித்து நான்கு வரியில் பதில் வந்தது. இடம் தருவதாகச் சொல்லவில்லை. "பட்டறைக் காற்றின் ஈரம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஈரமானி ஒன்று வாங்கிப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். காலையில் நானும் மாலையில் அப்பாவும் குறித்து வருகிறோம்.