வேலையிடத்தில் இனப் பாகுபாடு: சொன்னால் போதாது, சான்று வேண்டும்

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எமது நிலையத்துக்கு ஓர் இளம் சகோதரி வந்தார். பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, கொழும்புக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நான்கு வருடங்கள் வேலை செய்தவர். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் கசங்கிய சம்பளச் சீட்டுகள் ஏழெட்டு, வேலை அடையாள அட்டை, ஒரு பழைய கைத்தொலைபேசி.

அவரோடு ஒரே நாளில் வேறு இருவரும் ஹெல்பர்களாகச் சேர்ந்தார்கள். இருவரும் சிங்களப் பெண்கள். ஒரு வருடத்துக்குள் அவர்கள் மெஷின் ஒப்பரேட்டர்கள் ஆனார்கள், சம்பளமும் கூடியது. இவரோ நான்காவது வருடத்திலும் நூல் வெட்டிக்கொண்டிருந்தார். லைன் சுப்பவைசர் இவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "தோட்டத்து ஆள்" என்றே கூப்பிடுவார். தமிழில் கதைத்தால் ஏசுவார். ஒரு நாள் இவர் பதில் கேள்வி கேட்டார், வாக்குவாதமானது. அடுத்த வாரமே "ஒழுங்கீனம்" என்று காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"நிறுத்தின கடிதம் எங்க?" என்று கேட்டேன்.

"கோவத்துல பஸ் ஹோல்ட்டுலயே கிழிச்சுப் போட்டுட்டேன் மிஸ்."

"சுப்பவைசர் அனுப்பின மெசேஜ்?"

"பாக்கப் பாக்க அழுகையா வந்திச்சு. அழிச்சிட்டேன்."

"மேலிடத்துல முறையிட்டீங்களா?"

"மூணு தடவ சொன்னேன் மிஸ். வாயால தான்."

அவர் வந்தது ஐந்தாவது மாதத்தில். தனியார் துறையில் வேலை நீக்கப்பட்ட ஒருவர் தொழில் நியாய சபைக்கு 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஓடித்திரிந்து காலம் தவறாமல் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். முடிவில் இணக்கம் ஏற்பட்டு நிறுவனம் ஒரு தொகைப் பணம் கொடுத்தது. ஆனால் நான்கு வருடங்களாக அவர் ஏன் ஹெல்பராகவே வைக்கப்பட்டார் என்பது பற்றி அந்த இணக்கப் பத்திரத்தில் ஒரு வரியும் இல்லை. "காசு கிடைச்சிச்சு மிஸ். ஆனா நான் சொன்னது உண்மைன்னு யாரும் எழுதலியே" என்றார். அந்தச் சொல் இன்றுவரை என் மனதில் நிற்கிறது.

அன்று சுற்றறிக்கையில் எழுதினார்கள்

எமது நாட்டில் பாகுபாடு வெளிப்படையாகக் கடதாசியில் எழுதப்பட்ட காலமும் இருந்தது. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து, சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத அரச ஊழியருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என 1961 இல் திறைசேரி சுற்றறிக்கை வெளியிட்டது. கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார்.

கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964 இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், சம்பளத்துக்காக அரச ஊழியர் அரசுக்கு எதிராக வழக்காட முடியாது என்று அதனை மாற்றியது. 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், வழக்காட முடியும் எனக் கூறி, அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்குக் கடைசிவரை விடை எழுதப்படவில்லை.

அவரது வழக்கில் பாகுபாட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சுற்றறிக்கையே சான்றாக இருந்தது. இன்று எந்த முகாமையாளரும் "நீர் தமிழர், ஆகவே பதவி உயர்வு இல்லை" என்று கடிதம் தரமாட்டார். "அனுபவம் போதாது", "அணிக்குப் பொருத்தமில்லை" என்றே எழுதுவார். அவர்கள் எழுதாதபடியால் நாம் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கொப்பி போதும்

தைத்த அப்பியாசக் கொப்பி ஒன்றை வாங்கிப் பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். தனித்தாள்கள் வேண்டாம், பின்னர் செருகியவை என்று சொல்லக்கூடும். சம்பவம் நடந்த அன்றிரவே எழுதுங்கள். திகதி, நேரம், இடம், யார் சொன்னார், என்ன சொன்னார், அருகில் யார் நின்றார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பவை போதும். சிங்களத்தில் சொல்லியிருந்தால் அதே சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்திலாவது எழுதுங்கள். "கேவலமாக ஏசினார்" என்று எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. பிழை விட்டால் அடித்து அழிக்காமல், கீழே அன்றைய திகதியுடன் திருத்தம் எழுதுங்கள்.

ஒரு தனிச் சம்பவத்தைத் தற்செயல் என்று தட்டிக்கழித்துவிடலாம். ஆறு மாதக் குறிப்புகளை அப்படித் தட்டிக்கழிப்பது கடினம். தொழில் நியாய சபை சான்றுக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கமான விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால், இத்தகைய குறிப்புகளும் அங்கே கவனத்துக்கு எடுக்கப்படலாம்.

யாரோடு ஒப்பிடுவது?

பாகுபாடு என்பது ஒப்பீட்டில்தான் தெரியவரும். உங்களோடு ஒரே காலத்தில், ஒரே தரத்தில் சேர்ந்தவர்கள் யார்? யாருக்குப் பயிற்சி கிடைத்தது? யாருக்கு எப்போது பதவி உயர்வு? ஒரே பிழைக்கு அவருக்கு என்ன தண்டனை, உங்களுக்கு என்ன தண்டனை? இவற்றை ஒரு பக்கத்தில் பட்டியலிடுங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காதீர்கள். நீங்கள் பிந்திப் போன நாட்கள் இருந்தால் அதையும், வேறொரு தமிழ்ப் பெண் உயர்வு பெற்றிருந்தால் அதையும் எழுதுங்கள். மறைத்த விடயத்தை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டினால் மற்ற உண்மைகளும் அடிபட்டுப் போகும்.

இன்னொரு சகோதரி இரண்டு மாதம் இவ்வாறு எழுதிக்கொண்டு வந்தார். இருவரும் இருந்து வாசித்தபோது, ஓ.டி. மறுக்கப்பட்டவர்களில் சிங்களப் பெண்கள் நால்வரும் இருந்தது தெரிந்தது. இரவு வேலைக்கு மறுத்த எல்லாருக்குமே அந்தக் கதி. அது இனப் பாகுபாடு அல்ல, வேறோர் அநீதி. ஐவரும் சேர்ந்து கையொப்பமிட்டுத் தொழில் திணைக்களத்துக்கு முறையிட்டார்கள். சான்று சேர்ப்பது மற்றவரை நம்பவைப்பதற்கு மட்டுமல்ல, எமக்கே உண்மை தெரிவதற்கும் உதவுகிறது.

கடதாசியும் கைத்தொலைபேசியும்

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், எச்சரிக்கைக் கடிதங்கள், பாராட்டுக் கடிதங்கள், ஊழியர் சேமலாப நிதிக் கூற்று ஆகிய எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். மூலப் பிரதியை எவரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோப் பிரதியைக் கொடுங்கள். இன்னொரு தொகுதியை ஊரில் அம்மாவிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ வையுங்கள். போர்டிங் அறைப் பெட்டி பாதுகாப்பான இடமல்ல.

வாயால் முறையிட்டால், அன்றே ஒரு சிறு கடிதமும் எழுதுங்கள்: "இன்று காலை தங்களிடம் நான் தெரிவித்த விடயம் இது." ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் கேளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மனதைப் புண்படுத்தும் செய்திகளை அழிக்க வேண்டாம். இலக்கமும் திகதியும் தெரியும்படி படம் எடுத்து, இன்னோரிடத்திலும் சேமியுங்கள். நீங்கள் கோபத்தில் அனுப்பிய பதிலையும் விட்டுவையுங்கள், பாதி உரையாடல் சந்தேகத்தையே தரும். ஒலிப்பதிவுகளைச் சான்றாக ஏற்க 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் பதிவு வெட்டி ஒட்டப்படாததாக இருக்க வேண்டும், பதிவு செய்த கருவியும் கைவசம் இருப்பது நல்லது. தொழிற்சாலைக்குள் தொலைபேசி கொண்டுபோகத் தடை இருந்தால் அதை மீற வேண்டாம். அவ்வாறே நிறுவனத்தின் கோவைகளை எடுத்து வரவும் வேண்டாம். உங்களை நிறுத்த அவர்களுக்கு நீங்களே காரணம் கொடுத்தவர் ஆவீர்கள்.

சாட்சிகளை வற்புறுத்தாதீர்கள். அவர்களுக்கும் வயிறு உண்டு. நின்றவர் யார் என்பதைக் குறித்து வையுங்கள். வேலையை விட்டுப் போனவர்கள் பின்னர் சத்தியக் கடதாசி தர முன்வருவதுண்டு.

அரச துறையில் ஒரு மாதம்

இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் காரணமாகப் பிரஜை எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை கூறுகிறது. அரச நிர்வாகம் இதனை மீறினால், ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடைபெறும் காலம் அந்த மாதத்தில் கணக்கிடப்படாது என 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. முறைப்பாட்டு இலக்கத்தையும், விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதங்களையும் வைத்திருங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை, கண்டி, பதுளை முதலிய இடங்களில் ஆணைக்குழுவுக்கு அலுவலகங்கள் உண்டு. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.

நேர்முகப் பரீட்சையில் தவறவிடப்பட்டவர்கள் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமது புள்ளிகளையும் புள்ளித் திட்டத்தையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: கடமைக்கு உண்மையில் தேவையான மொழியறிவை நியாயமான காலத்துக்குள் பெறும்படி கேட்பது பாரபட்சமாகாது.

தனியார் துறையில் வழி ஒடுங்கியது. அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகத்துக்கு எதிராகவே செல்லும். தொழில் திணைக்களம், தொழிற்சங்கம், வேலை நீக்கமானால் தொழில் நியாய சபை என்பவையே அங்கே கதவுகள். பாகுபாட்டைத் தடுக்கும் 111 ஆம் இலக்கச் சர்வதேசத் தொழில் சமவாயத்தை இலங்கை 1998 இல் ஏற்றிருந்தாலும், தனியார் துறைக்கென முழுமையான சட்டம் இன்னும் வரவில்லை. கதவு ஒடுங்கியிருக்கும்போது சான்று இன்னும் பலமாக இருக்க வேண்டும். வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எம்மவர் செய்தாலும்

பாகுபாட்டை ஓர் இனத்தவர் மட்டுமே செய்வதில்லை. 2018 இல் திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் அபாயா அணிந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. அவர்கள் மனித உரிமைகள் ஆணைக்குழுவை நாடினார்கள். ஆணைக்குழு அவர்களது உரிமை மீறப்பட்டதாகக் கண்டது. எமது அலுவலகத்தில், எமது கடையில், எமக்குக் கீழே வேலை செய்யும் பெண் எம்மைப் பற்றி ஒரு கொப்பி எழுதினால் அதில் என்ன இருக்கும் என்றும் எண்ணிப் பார்ப்போம்.

நான் முதலில் சொன்ன சகோதரி இப்போது வேறொரு தொழிற்சாலையில் ஒப்பரேட்டராக இருக்கிறார். சென்ற தைப்பொங்கலுக்கு வந்தபோது பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினார். முதற் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த திகதி, தரம், சம்பளம். அடுத்த பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

"எழுத ஒண்ணும் இல்ல மிஸ். ஆனா வச்சிருக்கேன்."

வெறுமையாகவே இருக்கட்டும். இருந்தாலும் சகோதரிகளே, இந்த மாதச் சம்பளச் சீட்டை இன்றே கோவையில் போட்டு வையுங்கள்.